அடைத்த கதவும் அல்லற்பட்ட மூச்சும்

நம் முன்னோர் உயிரையும் மூச்சையும் வேறுவேறாகக் கருதினாரல்லர். ஒருவர் இறந்துபட்டால் மூச்சு அடங்கியது என்கிறோம்; ஒருவர் வாய்திறவாது இருந்தால் மூச்சுக் காட்டவில்லை என்கிறோம். மூச்சை முறைப்படுத்தி வாழும் வகையைத் திருமூலர் தம் திருமந்திரத்தில் விரித்துரைத்தார். ஆயினும் உடல்நலம் வாய்ந்த மனிதன் தன் மூச்சை ஒருநாளும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்ப்பவன் நுரையீரல் நோயுற்றவனே. படியேறும்போதும், குளிக்கும்போதும், ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேசி முடிக்கும்போதும் அவன் தன் மூச்சைக் கணக்கிட்டே செலவிடுகிறான்.

2020ஆம் ஆண்டில் உலகை வளைத்துக்கொண்ட கோவிட்-19 பெருந்தொற்று நுரையீரலைத் தாக்கும் நோயாகவே வந்தது. நாடுகள் கதவடைத்தன, மக்கள் வீட்டுக்குள் முடங்கினர். அந்த முடக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் வணிகம் சரிந்ததை எழுதுகின்றனர். பள்ளிகள் மூடப்பட்டதை எழுதுகின்றனர். முன்னமே நுரையீரல் நோயால் வருந்திக்கொண்டிருந்தோர் அந்நாட்களை எவ்வாறு கடந்தனர் என்பதோ பெரிதும் எழுதப்படாத ஏடாகவே இருக்கிறது. மலேசிய, சிங்கப்பூர் நாடுகளை முதன்மையாகக் கொண்டு அவ்வேட்டின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு கால் கட்டில்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவம் என்பது யாது என வரையறுக்கிறது. நோயாளி, அந்நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது வள்ளுவர் கருத்து. மருத்துவத்தை ஒரு கட்டிலாகக் கொண்டால் இந்நான்கும் அதன் நான்கு கால்கள். ஒரு கால் ஒடிந்தாலும் கட்டில் சாயும்.

முடக்க காலத்தை ஆராய இதனினும் சிறந்த அளவுகோல் வேண்டுவதில்லை. கதவடைத்தபோது கதவுக்கு உள்ளே இருந்தவர் நோயாளி. மற்ற மூன்றில் எவை உள்ளே இருந்தன, எவை வெளியே நின்றன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நோயில்லத்திலிருந்து வீட்டிற்கு

நுரையீரல் நோயாளரை அடைத்து வைப்பது உலகிற்குப் புதிதன்று. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த செய்தியை இராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தார். நோய் இன்னதென்று தெரிந்தது, மருந்துதான் கிட்டவில்லை. எனவே தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவற்றை நம்பி, ஊருக்கு அப்பால் எழுப்பப்பட்ட நோயில்லங்களில் நோயாளரை மாதக்கணக்கில், சிற்சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், தங்கவைத்தனர்.

சிங்கப்பூரில் 1844ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட டான் டொக் செங் மருத்துவமனை, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பல்லாண்டுகள் காசநோயாளரின் புகலிடமாகவே விளங்கியது. 1947இல் சிங்கப்பூர்க் காசநோய் ஒழிப்புச் சங்கம் தொடங்கப்பெற்றது. மலாயாவிலும் 1950களில் கோலாலம்பூர் செராஸ் வட்டாரத்தில் லேடி டெம்ப்ளர் மருத்துவமனை காசநோயாளருக்கென எழுந்தது. 1961இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இந்த அடைப்பை உடைத்தெறிந்த பெருமையில் தமிழகத்துக்கும் பங்குண்டு என்பது நம்மில் பலரும் அறியாத செய்தி. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று அமைக்கப்பெற்றது. அங்கு 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நோயில்லத்தில் வைத்தும், மறு பிரிவினருக்கு அவரவர் எளிய வீடுகளிலேயே இருக்கச் செய்தும் ஒரே வகை மருந்துகளை ஓராண்டுக் காலம் கொடுத்துப் பார்த்தனர். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகின் கண்களைத் திறந்தது. நெருக்கடியான குடிசையில், போதிய ஊட்டமின்றி வாழ்ந்த ஏழை நோயாளியும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் நோயில்லத்தில் இருந்தவருக்கு ஏறத்தாழ இணையாகவே குணமடைந்தார். அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களுக்கு அதனால் கூடுதலான தீங்கு நேர்ந்ததாகவும் தெரியவில்லை.

இந்த ஆய்வின் பின்னர் உலகெங்கும் காச நோயில்லங்கள் படிப்படியாக மூடப்பட்டன; நோயாளர் வீடு திரும்பினர். இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. சென்னையில் நோயாளரைக் காத்தது வீடு மட்டுமன்று. ஒழுங்காகக் கிடைத்த மருந்தும், அம்மருந்தை உட்கொள்கிறாரா என்று தட்டிக் கேட்ட பணியாளருமே. அறுபதாண்டுகள் கழித்து வந்த முடக்கத்தை எடைபோட இந்த உண்மை நமக்குப் பெரிதும் உதவும்.

கதவடைத்த நாட்கள்

மலேசியாவில் 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வீட்டுக்கு ஒருவர் மட்டுமே இன்றியமையாப் பொருள் வாங்க வெளியே செல்லலாம். அதுவும் பத்துக் கிலோமீட்டர் எல்லைக்குள்தான். சாலைகளில் காவல்துறையினரும் படையினரும் தடுப்பு அமைத்து நின்றனர். சிங்கப்பூரில் ஏப்ரல் 7ஆம் நாள் தொடங்கி ஜூன் 1ஆம் நாள் வரை கிருமிப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை நீடித்தது. மருத்துவம் நாடிச் செல்வதை இரு நாடுகளும் தடுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆயினும் சட்டம் திறந்து வைத்த கதவை அச்சம் அடைத்துவிட்டது. நோய் நிறைந்திருக்கும் இடம் மருத்துவமனை. அங்குச் செல்வதே ஆபத்து என்ற எண்ணம் முதியோர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

தனித்து வைத்தலின் பழைய வரலாறு அந்நாட்களில் மீண்டும் நம் கண்முன் தோன்றியது. மலேசியாவில் கோவிட் நோயாளருக்கு முதன்மை மருத்துவமனையாக விளங்கிய சுங்கை பூலோ மருத்துவமனை எழுந்துள்ள நிலம், 1930இல் தொழுநோயாளருக்கென அமைக்கப்பட்ட குடியிருப்பின் ஒரு பகுதியாகும். சிங்கப்பூரில் 2003இல் சார்ஸ் நோய் 238 பேரைப் பற்றி 33 பேரின் உயிரைக் கொண்டபோது அதனை எதிர்கொண்டு நின்றதும் டான் டொக் செங் மருத்துவமனையே. இடங்கள் மாறவில்லை, நோய்களே மாறின.

எதிர்பாராத நன்மை

முடக்கத்தால் நுரையீரல் நோயாளருக்குத் தீமை மட்டுமே விளைந்தது என்று எழுதினால் அது உண்மைக்கு மாறாகும். புகைப் பழக்கத்தாலும் தூசியாலும் மூச்சுக்குழல்கள் குறுகிப் பழுதுபடும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையவர்களுக்கு, ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சலே உயிருக்கு உலை வைக்கும். நோய் திடீரென முற்றி, நள்ளிரவில் மருத்துவ வண்டியில் கொண்டு செல்லப்படுவோரில் பலருக்கு அதற்கு மூலகாரணம் இத்தகைய தொற்றேயாகும்.

2020இல் மருத்துவர்கள் வியப்பூட்டும் ஒன்றைக் கண்டனர். இவ்வாறு நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வோர் தொகை சிங்கப்பூரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் பாதிக்கும் கீழாகச் சரிந்தது. சிங்கப்பூரில் சளிக்காய்ச்சல் நோய் அந்நடவடிக்கைகளின்போது ஏறத்தாழ 76 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிடப்பட்டது. மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சி வீட்டிலேயே இருந்தவர்களும் இச்சரிவில் அடங்குவர் என்பது மெய்யே. எனினும் தொற்றுகளே குறைந்திருந்தமையால், அச்சம் ஒன்றே காரணமென்று கூறுவதற்கில்லை.

அப்படியாயின் கதவை அடைத்ததுதான் காத்ததோ? இவ்விடத்தில் ஹாங்காங் நமக்கு விடை சொல்கிறது. சார்ஸ் நோயால் 2003இல் பெருந்துயருற்ற அந்நகர மக்கள், 2020 சனவரியிலேயே எவரும் ஆணையிடுவதற்கு முன்னர் முகக்கவசம் அணியத் தொடங்கிவிட்டனர். வீட்டை விட்டு வெளியேறக் கூடாதென்ற பொது ஆணை அங்கு அம்மாதங்களில் இல்லை. ஆயினும் அவ்வாண்டின் முதல் மூன்று மாதங்களில், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றி அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தோர் தொகை முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 44 விழுக்காடு குறைந்தது. கதவு திறந்தேயிருந்த நகரிலும் நோயாளர் காக்கப்பட்டனர். பள்ளிகள் மூடியிருந்ததும் மக்கள் கூட்டம் தவிர்த்ததும் துணை செய்திருக்கலாம்; எனினும் கழுவிய கையும் மூடிய வாயும் மூக்கும் ஆற்றிய பணியை எவரும் மறுக்கவொண்ணாது. சிங்கப்பூர் 2020 ஏப்ரல் நடுவிலும், மலேசியா ஆகஸ்டு முதல் நாளிலும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கின.

மருத்துவர் எங்கே?

இனித் தீமையின் பக்கத்தைப் பார்ப்போம். இதய நோயாளிக்கு இதய மருத்துவர் இருந்தார். கண்ணோயாளிக்குக் கண் மருத்துவர் இருந்தார். நுரையீரல் நோயாளியின் மருத்துவரோ கோவிட் நோயாளியின் படுக்கையருகே நின்றார். மூச்சுக் கருவியும், உயிர்வளியும், தீவிர கவனிப்புப் படுக்கையும் இருவருக்கும் பொதுவாயின. பெருந்தொற்று வேறெந்த நோயாளரிடமிருந்தும் இத்தனையையும் ஒருசேர எடுத்துக்கொள்ளவில்லை.

மேலும், நுரையீரலின் ஆற்றலை அறிய நோயாளி ஒரு குழாயில் ஓங்கி ஊதவேண்டும். அவ்வாறு ஊதும்போது கிருமி பரவும் என்று அஞ்சி உலகின் பல நாடுகளில் அச்சோதனைக் கூடங்கள் மூடப்பட்டன. மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் கருவியை மருத்துவமனைகளில் இயன்றவரை தவிர்க்கலாயினர். அதனிடத்தில் இன்ஹேலர் கொடுக்கப்பட்டது. மூச்சுக்குழலினுள் கருவி செலுத்திப் பார்க்கும் ஆய்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. நோயாளர் குழுவாகக் கூடிச் செய்யும் மூச்சுப் பயிற்சி வகுப்புகள் நின்றன. இவ்வகுப்பு ஓர் ஆடம்பரம் அன்று. நடை குறைந்தால் தசை தளரும். தசை தளர்ந்தால் அதே வேலைக்கு மேலும் மூச்சு வேண்டும். மூச்சு போதாதபோது நடை இன்னும் குறையும். இச்சுழலை அறுக்கும் கத்தியே அப்பயிற்சி.

மருந்து என்னும் காலோ ஒருவாறு நிலைத்து நின்றது. மலேசிய அரசு மருத்துவமனைகள் முன்னரே நடத்திவந்த, அஞ்சல்வழி மருந்து அனுப்பும் திட்டமும், வண்டியிலிருந்து இறங்காமலே மருந்து பெறும் ஏற்பாடும் அந்நாளில் பெருந்துணை புரிந்தன. கைப்பேசி வழியே மருத்துவரைக் காணும் வசதியும் வளர்ந்தது. ஆனால் கைப்பேசி வழியே மருத்துவர் நோயாளியின் நெஞ்சில் செவிவைத்துக் கேட்க இயலாது.

அருகிருப்பவர்

நான்காவது கால் அருகிருந்து பணிவிடை செய்பவர். ஜொகூர் பாருவில் என் அண்டை வீட்டில் வாழ்ந்த முதியவர் ஒருவரை இங்கு நினைவுகூர்கிறேன். மரம் அறுக்கும் ஆலையில் நாற்பதாண்டுக் காலம் உழைத்தவர், புகைப்பழக்கமும் உண்டு. மூச்சுக்குழல் பழுதுபட்டுச் சில ஆண்டுகளாகவே மருத்துவம் பார்த்துவந்தார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் நாள்தோறும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குச் சென்று திரும்புவார். தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், மாலையில் தெருமுனைத் தேநீர்க் கடைவரை கைப்பிடித்து நடத்திச் செல்வதும் அவரே.

2020 மார்ச் 17ஆம் நாள் இரவு ஆயிரக்கணக்கானோர் பாலத்தைக் கடந்து சென்ற காட்சியை நாம் மறந்திருக்க மாட்டோம். வேலையை இழந்தால் மருந்துக்கும் வழியில்லை என்றெண்ணி அம்மகளும் அன்றிரவு அக்கரைக்குச் சென்றார். இரண்டு வாரம் என்றார்கள். அது மாதங்களாக நீண்டது. நாள்தோறும் மாலையில் மகள் தொலைபேசியில் அழைப்பார். முதியவர் மறுமொழியை ஓரிரு சொல்லில் முடித்துக்கொண்டு, கைப்பேசியை வாயிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொள்வார். ஏனென்று ஒருநாள் கேட்டேன். "என் இழுப்பு அவளுக்குக் கேக்கக் கூடாது தம்பி. கேட்டா வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவா" என்றார். அன்று அவருக்கு மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை.

பின்னர்த் தனிமைப்படுத்தும் விதிகளையெல்லாம் நிறைவேற்றிக்கொண்டு மகள் வீடு திரும்பியபோது தந்தை உயிரோடிருந்தார். கோவிட் அவரைத் தொடவில்லை. ஆனால் முன்பு தேநீர்க் கடைவரை நடந்தவர் வாசற்படிக்கு வருவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கினார். அவரை முடக்கம் காத்ததா, கெடுத்ததா? இரண்டும் உண்மை என்பதே என் விடை.

இருமலுக்கு வந்த இழுக்கு

காசநோயாளரின் நிலை இதனினும் கொடிது. இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல் ஆகியவை கோவிட் நோய்க்கும் காசநோய்க்கும் பொதுவான அறிகுறிகள். பொது இடத்தில் ஒருவர் இருமினால் நூறு கண்கள் திரும்பிய காலம் அது. எனவே இருமியவர் ஒளிந்தார். துணிந்து சோதனைக்குச் சென்றவர்களிலும், கோவிட் இல்லை என்ற முடிவைக் கேட்டவுடன் நிம்மதியோடு வீடு திரும்பியோர் உண்டு. அந்த இருமலுக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க அன்று எவருக்கும் ஓய்வில்லை.

எண்களைக் காண்போம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, புதிதாகக் கண்டறியப்பட்டுப் பதிவான காசநோயாளர் தொகை 2019இல் 71 இலட்சம். 2020இல் 58 இலட்சம். நோய் குறைந்ததனால் வந்த சரிவு அன்று இது. கண்டறிதல் குறைந்ததனால் வந்த சரிவு. இந்தியாவில் நாடு தழுவிய முடக்கம் அறிவிக்கப்பட்ட நாள் 2020 மார்ச் 24. அதாவது இராபர்ட் கோக்கின் அறிவிப்பை நினைவுகூரும் உலகக் காசநோய் நாள். 2019இல் அங்குப் பதிவான நோயாளர் ஏறத்தாழ 24 இலட்சம். 2020இல் 18 இலட்சம். பல்லாண்டுகளாக இறங்கிவந்த காசநோய் இறப்பு உலக அளவில் 2020இல் மீண்டும் ஏறியது.

மலேசியாவில் பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் பதிவான காசநோயாளர் ஆண்டொன்றுக்கு 25,000 முதல் 26,000 வரை. 2021இல் அத்தொகை 21,727ஆகக் குறைந்தது. கதவுகள் திறந்த 2022இல் 25,391ஆக உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் நோய் எங்கும் சென்றுவிடவில்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தது.

சென்னை ஆய்வை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அன்று காசநோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தோருக்குக் கூடுதல் தீங்கு நேரவில்லை. காரணம், நோயாளிக்கு நோய் இன்னதென்று தெரிந்திருந்தது, மருந்தும் கிடைத்தது. முடக்க காலத்து வீடோ நோய் அறியப்படாத வீடு. சன்னல் சாத்திய சிறிய அடுக்குமாடி வீட்டில், நோய் தெரியாத தாத்தாவும் பேரக் குழந்தைகளும் இரவுபகலாக ஒரே காற்றைப் பகிர்ந்துகொண்டனர். வீடு ஒன்றே, மருந்து உள்ளே வந்ததா இல்லையா என்பதில்தான் அது புகலிடமாவதும் பொறியாவதும் அமைந்தது.

நாம் கற்க வேண்டியது

முடக்கமே வேண்டாத ஒன்று என்று வாதிடுவது என் கருத்தன்று. தடுப்பூசி இல்லாத அந்நாளில் கதவடைத்திராவிட்டால் முதலில் மாண்டிருப்போர் பழுதுற்ற நுரையீரலைச் சுமந்தவர்களே. 2021இன் நடுவில் டெல்டா வகைக் கிருமி கிள்ளான் பள்ளத்தாக்கில் பரவியபோது மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததை நாம் கண்டோம். ஆகவே கதவை அடைத்தவர்களைப் பழிப்பது எளிது, நேர்மையன்று.

ஆயினும் அடைத்த கதவில் ஒரு சாளரம் வைக்க நாம் மறந்துவிட்டோம். நோயாளியைத் தொற்றிலிருந்து காக்கும் முயற்சியில் அவரை மருத்துவரிடமிருந்தும், பரிசோதனையிலிருந்தும், கைப்பிடித்து நடத்தும் மகளிடமிருந்தும் பிரித்துவிட்டோம். முகக்கவசத்தால் கிடைத்த நன்மையைத் தனியாகவும், தனிமையால் வந்த கேட்டைத் தனியாகவும் பிரித்தறிவதே வரலாறு நமக்கு இடும் பணி.

இன்னொரு பெருந்தொற்று வாராது என்று சொல்வார் எவருமிலர். அன்று செய்யத்தக்கவை அரியன அல்ல. வீடுதோறும் மருந்து செல்லட்டும். மருந்தோடு ஒரு தாதியும் செல்லட்டும். இருமல் உடையவருக்குக் கோவிட் போன்ற புதிய நோய்க்கான சோதனையோடு காசநோய்ச் சோதனையும் சேர்த்தே நடக்கட்டும். உயிர்காக்கும் பணியாளருக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பது போல, நோயுற்ற பெற்றோரைப் பேணும் பிள்ளைக்கும் ஒரு சீட்டு கிடைக்கட்டும். அது மாநில எல்லையையும் பாலத்தையும் கடக்க வல்லதாக இருக்கட்டும்.

நம் பங்கும் ஒன்றுண்டு. அண்டை வீட்டு முதியவர் தொலைபேசியில் சுருக்கமாகப் பேசுகிறார் என்றால் அவர் கோபக்காரர் என்று முடிவுகட்டிவிட வேண்டா. அவருக்கு மூச்சு போதாதிருக்கலாம். ஒருமுறை கதவைத் தட்டி, இடைவெளி விட்டு நின்று, மருந்து இருக்கிறதா என்று கேட்போம். வள்ளுவர் சொன்ன நான்கில் நான்காமவராக இருப்பதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை.